பெரும்பான்மையோடு போன பன்றிகள்

லெயாந்த்ரா அத்தை நாற்பத்தாறு வயதில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்கு ஒரு ஜெர்மன்காரரின் முழங்கால் உடைய வேண்டியிருந்தது.

அந்த மனிதர் கணவாயிலிருந்து எங்கள் மலையூரான நாவலென்சினாவுக்குச் சைக்கிளில் இறங்கும்போது சரளையில் சறுக்கி விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஆளை ஏற்றிக்கொண்டார்கள். சைக்கிளுக்கு இடமில்லை என்றார்கள். கசியானோவின் மதுக்கடைச் சுவரில் சாய்ந்தபடி அது ஒரு குளிர்காலத்தைக் கழித்தது. வசந்தம் வந்ததும் அவர் போன் செய்து, "யாருக்காவது குடுத்துடுங்க, அதை நினைச்சாலே கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அத்தைக்கு வேண்டியிருந்தது. காரணம் பன்றிகள்.

அத்தையும் அவள் கணவர் நிக்கானோரும் ஓக் காட்டில் கருப்புப் பன்றி மேய்ப்பவர்கள். அதுவரை நிக்கானோரின் பழைய பிக்கப் வண்டியில்தான் அவள் காட்டுக்குப் போய்வந்தாள். ஆனால் குளிர்கால முடிவில் பன்றிகளை ஏற்றிப்போக வரும் லாரியும் அந்தப் பிக்கப்பும் ஒரே மாதிரி உறுமும். முதல் லோடு போனதுமே மிச்சமிருக்கும் பன்றிகளுக்கு விஷயம் புரிந்துவிடும். அப்புறம் பிக்கப் சத்தம் கேட்டாலே பாறைக்கும் புதருக்கும் பின்னால் சிதறி ஓடும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"சத்தமில்லாத வண்டி ஒண்ணு வேணும். கழுதை வாங்கலாம்னா அதுக்கும் தீனி போடணும். இது சுவரைச் சாப்பிட்டே ஒரு குளிர்காலம் இருந்திருக்கு" என்றாள் அத்தை.

ஊருக்குப் பின்னால் இருக்கும் பழைய கதிரடிக்கும் களத்தில் அவள் பழகினாள். பெண்கள் நாற்காலி போட்டு, சூரியகாந்தி விதை கொறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஒப்தூலியா. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அன்று யார் அதிகமாக அழுதது என்பதில் ஆரம்பித்த தகராறு இன்றுவரை ஓயவில்லை.

"முதல்ல பிரேக் எங்கேன்னு கத்துக்கோடீ!" என்று கத்தினாள் ஒப்தூலியா.

"நிக்கறதுக்கு எதுக்குடீ கத்துக்கணும்? நாப்பத்தாறு வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்!"

சொல்லி முடிப்பதற்குள் களத்தின் ஓரக் கல்சுவரில் மோதினாள். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் இரண்டு கல் விழுந்தது. அடுத்த நாளே அவற்றை எடுத்து அடுக்கிவிட்டு மறுபடி ஏறினாள்.

அவள் ஊரைவிட்டுப் போனதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வயதில் பில்பாவோவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தாள். ஒரு வருடத்தில் திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "மனுஷங்க நல்லவங்கதான். ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கார் நம்மளை முறைச்சுக்கிட்டு நிக்குது" என்பாள். ஆறு வருடம் உலகத்தைச் சைக்கிளில் சுற்றிவிட்டு, போன செப்டம்பரில் நான் ஊர் திரும்பியபோது அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் காரைப் பற்றித்தான். எந்த நாட்டில் கார் குறைவு? மங்கோலியா என்றேன். "அங்கே ஓக் மரம் உண்டா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப அது உருப்படாது" என்று முடித்துவிட்டாள். அன்று முதல் என் பெயர் ஊர்சுத்தி.

எங்கள் ஊரிலிருந்து கணவாய்வரை போகும் மந்தைப் பாதையில் கார் வராது. அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து ஆட்டு மந்தைகள் இறங்கிவந்த வழி அது. இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் வெளுத்த சரளை, சுவரைத் தாண்டி ஓக் மரங்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் சரளை இறுகிப் போய், சக்கரத்துக்குக் கீழே வறுத்த கடலையை மெல்வது போல் ஒரு சத்தம் வரும். அத்தை விடிந்ததும் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக அதில் ஏறிப் போவாள். மூடுபனியில் முதலில் மணி மட்டும் கேட்கும். அப்புறம்தான் அவள் தெரிவாள்.

அந்த மணி அவள் அப்பாவுடையது. மந்தைக்கு முன்னால் போகும் கிடாவின் கழுத்தில் கட்டுகிற மணி. அதைக் கைப்பிடியில் தோல்வாரால் கட்டிவிட்டிருந்தாள். பாதை குலுக்கும்போது தானாக அடிக்கும். எந்த மரத்தடியில் கொட்டை உதிர்ந்திருக்கிறதோ அங்கே பன்றிகளை அழைத்துப்போக அவளுக்குக் கோலும் வேண்டாம், நாயும் வேண்டாம். முன்னால் சைக்கிள், பின்னால் எண்பது சொச்சம் கருப்புப் பன்றிகள், காதுகள் ஆட ஆட, கல்யாண ஊர்வலம் மாதிரி வரும். பன்றிகளுக்குத் தெரிந்த ஒரே மந்திரம்: மணி அடித்தால் சாப்பாடு.

சாப்பாடு என்றால் ஓக் கொட்டை மட்டும்தான். கொட்டைக் காலம் முழுக்க அந்தப் பன்றிகள் காட்டில் கிடைக்கும் கொட்டையையும் புல்லையும் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு வாளித் தவிடு போட்டது தெரிந்தாலும் போதும், கொட்டைப் பன்றி என்ற பெயர் போய்விடும். அதற்கென்றே எவரிஸ்தோ என்கிற ஆய்வாளர் வந்து பார்ப்பார். போன வருடம் மழை ஏமாற்றி, கொட்டையே பிடிக்கவில்லை. அத்தையின் மந்தை சாதாரணப் பன்றி விலைக்குத்தான் போனது. மெரிதாவில் இருக்கும் காட்டுச் சொந்தக்காரர் அப்போதே சொல்லிவிட்டார்: இன்னொரு வருடம் இப்படிப் போனால் காட்டை ஒரு மாட்டுப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். வெயில்சரிவு, எதிரே நிழல்சரிவு என்று காட்டின் இரண்டு பாதியும் போய்விடும். அதோடு அத்தையின் காலை நேரமும்.

இந்த வருடம் நல்ல மழை. வெயில்சரிவில் கொட்டை குவிந்தது. நவம்பர் கடைசியில் அது தீரும் நேரத்தில், எதிர்ப்பக்கம் நிழல்சரிவின் தக்கை ஓக் மரங்கள் உதிர்க்கத் தொடங்கின. "அடுத்த வாரம் மாத்திடணும்" என்று அத்தை தினமும் இரவுச் சாப்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நிக்கானோர் தினமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வார சனிக்கிழமைதான் கசியானோவின் சைக்கிள் விழா.

மதுக்கடைக்காரர் கசியானோதான் எங்கள் மேயரும். சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஆட்கள் மாட்ரிட்டிலிருந்தும் செவியாவிலிருந்தும் வருவதை அவர் கவனித்திருந்தார். ஊரிலிருந்து மந்தைப் பாதை வழியாக ஏறி, மலைமேல் இருக்கும் மாதா கோயிலில் இளைப்பாறி, வேறு வழியாக இறங்கி வந்து சதுக்கத்தில் சாப்பாடு. போட்டி கிடையாது. இருநூறு பேர் பதிவு செய்துவிட்டார்கள். வழியில் அம்புக்குறி கட்டும் வேலை எனக்கு. பாதை அத்தையின் வெயில்சரிவுக்கு நடுவே போகிறது; அங்கே மட்டும் ஓரச் சுவர் கிடையாது, இரண்டு முனையிலும் கேட்தான். அது பொதுவழி, யாரும் தடுக்க முடியாது. அத்தைக்குத் தடுக்கும் எண்ணமும் இல்லை.

"வரட்டும். பத்து மணிக்குப் பன்றிகளைக் கீழே ஓடைப்பக்கம் கூட்டிப் போயிடறேன். அவங்க மேல போகட்டும், நாங்க கீழ இருக்கோம். மேல் கேட்டுல நிக்கானோர் நிக்கட்டும். திறந்துவிட்டு மூடணும், அவ்வளவுதானே? அது அவருக்கு வரும்" என்றாள்.

கசியானோ ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். விழா நாள் காலையில் சதுக்கத்தில் பெட்டிகளைப் பிரித்து, சைக்கிள்காரர் ஒவ்வொருவருக்கும் ஊர் பெயர் பொறித்த ஒரு குட்டி மந்தைமணியைப் பரிசாகக் கொடுத்தார். "இது எங்க ஊரோட குரல்! கைப்பிடியில கட்டுங்க! வழியில ஆடு மாடு இருந்தா விலகிக்கும்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கைதட்டல். இருநூறு கைப்பிடிகளில் இருநூறு மணிகள்.

நானும் அத்தையும் அப்போது ஓடைக்கரையில் நின்றிருந்தோம். எங்கள் இருவர் உடம்பிலும் ஆரஞ்சு நிறத் தொண்டர் சட்டை. பன்றிகள் சேற்றில் மூக்கை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தன. முதலில் வேகமாகப் போகிறவர்கள் நாலைந்து பேர் மேல் பாதையில் பறந்தார்கள். ஏதோ கிணுகிணுவென்று கேட்டது. ஒரே ஒரு பன்றி, காது கிழிந்தவன், தலையைத் தூக்கினான். கொஞ்சம் யோசித்தான். மேட்டில் ஏறி ஓடினான்.

"எங்கேடா போறே?" என்றாள் அத்தை.

பிறகு பெருங்கூட்டம் வந்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பத்து ஊர் மந்தைகள் ஒன்றாக மலை ஏறுவது மாதிரி இருந்தது. எண்பது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அத்தை பாய்ந்துபோய்த் தன் சைக்கிள் மணியைப் பிடித்து ஆட்டினாள். முன்னால் போன பெரிய பன்றி நின்று திரும்பிப் பார்த்தது. இங்கே ஒரு மணி. அங்கே நூறு மணி. அது பெரும்பான்மையோடு போனது. மற்றவை அதன் பின்னால் போயின.

ஓடைக்கரையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு மணி, நிறைய சேறு.

"யாரு குடுத்த மணிடீ அது?" என்றாள் அத்தை. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சைக்கிளில் ஏறிவிட்டாள்.

மேல் கேட்டில் நிக்கானோர் சிரித்த முகமாக நின்றிருந்தார். கேட் விரியத் திறந்திருந்தது. சைக்கிள்காரர்கள் அவருக்கு வணக்கம் சொல்லிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யோவ்! பன்றி எங்கேய்யா?"

"நிழல்சரிவுக்குத்தானே மாத்தறே? எல்லாம் போயிடுச்சு."

"மாத்தறவ நான்! நான் இங்க நிக்கறேனே!"

நிக்கானோர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா. மணி முன்னால போச்சு, பன்றி பின்னால போச்சு. நீ அந்தக் கூட்டத்துல எங்கேயோ இருக்கேன்னு நினைச்சேன். ஒண்ணுகூட உரசாம கதவை நல்லாத் திறந்து பிடிச்சேன் தெரியுமா?"

அவரைத் திட்ட நேரமில்லை. அந்தப் பாதை எங்கே போகிறது என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நொடியில் உறைத்தது. மலைமேல் மாதா கோயிலில் நீள மேசை போட்டு, ஊர்ப் பெண்கள் ரொட்டி, ஆம்லெட், ஆரஞ்சு, வாழைப்பழம், கேக் எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். எண்பது பன்றியும் அதில் வாயை வைத்தால் இந்த வருடமும் முடிந்தது, காடும் முடிந்தது.

பாதை அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும். நிழல்சரிவின் கேட் பாதிவழியில் இடது பக்கம். வளைவுகளை வெட்டிக்கொண்டு ஓர் ஆட்டுத்தடம் நேராக மேலே போகிறது. அத்தை அதில் திரும்பினாள். பாறை வந்த இடங்களில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் மலைகளில் நிறைய ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் அன்று அவள் ரப்பர் பூட்ஸின் பின்பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "மேட்டுல சைக்கிள்காரனும் பன்றியும் ஒரே வேகம்தான். அதுதான் நம்ம அதிர்ஷ்டம்" என்றாள்.

நாங்கள் பாதையில் ஏறி நின்றபோது கூட்டம் கடைசி வளைவில் தெரிந்தது. முன்னால் நாற்பது பேர், நடுவில் பன்றிகள், பின்னால் நூறு பேர். எல்லாருக்கும் ஒரே குதூகலம். ஒரு கையால் ஓட்டி, மறு கையால் பின்னால் படம் எடுத்தபடி வந்தார்கள். இதுவும் விழாவின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் ஓடிப்போய் நிழல்சரிவின் கேட்டைத் திறந்தேன். அத்தை பாதையின் நடுவில் கைகளை விரித்து நின்றாள்.

"இடது பக்கம்! எல்லாரும் இடது பக்கம்!"

ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்து அவர்கள் திரும்பினார்கள். முன்னால் வந்த ஒருவர் மட்டும், மாட்ரிட்டில் பல் டாக்டராம், பிரேக் பிடித்து நின்றார்.

"அம்மா, என் வழிகாட்டி மெஷின் நேராப் போகச் சொல்லுதே."

"உங்க மெஷின் பன்றி வளர்க்குதா?"

"இல்லை..."

"அப்ப அதுக்கு என்ன தெரியும்? இடது பக்கம் போங்கய்யா!"

அவர் போனார். எல்லாரும் போனார்கள். கிணுகிணுவென்று மணிகள் மரங்களுக்குள் நுழைய, பன்றிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்னால் நுழைந்தன. கோடையில் தக்கை உரித்த அடிமரங்கள் செம்மண் நிறத்தில் நின்றிருந்தன. அவற்றுக்குக் கீழே பாசியும் சருகும், சருகுக்கு மேலே யாரும் தொடாத கொட்டைகள். டயர்கள் ஏறி அவை படபடவென்று வெடித்தன. முதல் பன்றி மணியை மறந்து தலையைக் குனிந்தது. அப்புறம் பத்து. ஆனால் மீதியெல்லாம் இன்னும் சைக்கிள்களுக்குப் பின்னாலேயே அலைந்தன. எந்தப் பக்கம் ஒருவர் அசைந்தாலும் அந்தப் பக்கம் ஓடின.

"இறங்குங்க!" என்றாள் அத்தை. "யாரும் அசையாதீங்க. கீழ இருக்கற பாசியை எடுத்து மணிக்குள்ள திணிங்க. நாக்கு ஆடக்கூடாது. நல்லா அடைங்க."

நூற்று நாற்பது பேர், பளபளக்கும் உடைகளில், குனிந்து பாசி பிடுங்கினார்கள். பல் டாக்டர் தன் மணியைப் பல் அடைப்பது போல அத்தனை கவனமாக அடைத்தார். மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அதற்குப் பிறகு கேட்டதை நான் எங்கேயும் கேட்டதில்லை. எண்பது வாய்கள் கொட்டை உடைக்கும் சத்தம், காடு முழுக்க. தூரத்தில் ஒரு பெரிய கூட்டம் சரளையில் நிதானமாக நடந்து போவது போல. ஒரு பெண் தன் போனை வெளியே எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள்.

கேட்டைத் திறந்தால் பன்றிகளும் வந்துவிடும் என்பதால் சைக்கிள்களைக் கல்சுவருக்கு மேலே கைமாற்றி அனுப்பினோம். இந்தப் பக்கம் தூக்க நாலு பேர், அந்தப் பக்கம் வாங்க நாலு பேர். கடைசி ஆள் போனதும் அத்தை பன்றிகளை எண்ணினாள். இரண்டாவது தடவை எண்ணினாள். முகம் மாறியது.

"காது கிழிஞ்சவன் இல்லை."

அவன்தான் முதல் நாலைந்து பேரோடு முன்னாலேயே போய்விட்டானே. மாதா கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒப்தூலியா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். மேசைக்குக் கீழே காது கிழிந்தவன் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான்.

"ஒரு தட்டு பெர்ருனியாடீ! முழுசா! விடிகாலையில எழுந்து சுட்டது!" என்று அலறினாள் ஒப்தூலியா. பெர்ருனியா என்பது எங்கள் ஊர் பிஸ்கட்; சோம்பு போட்டுப் பன்றிக்கொழுப்பில் சுடுவது. "தன் சித்தப்பனையே தின்னிருக்குடீ உன் பன்றி!"

"வேற என்ன தின்னான்?"

"ரெண்டு ஆரஞ்சு. தோலோட."

சைக்கிள்காரர்கள் சுற்றி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் பிஸ்கட் தூளோடு அவன் நன்றாகவே போஸ் கொடுத்தான்.

கசியானோ மூச்சிரைக்க வந்தார். நிக்கானோரும் வந்துவிட்டார். அத்தையைக் கோயிலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மூஞ்சியைக் கழுவி மந்தையோட விட்டுடு லெயாந்த்ரா" என்றார் கசியானோ, குரலைத் தாழ்த்தி. "எண்பதுல ஒண்ணு. எவரிஸ்தோவுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"நான்கூட வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள் ஒப்தூலியா.

"அதை மட்டும் நம்பவே முடியாது" என்றார் நிக்கானோர்.

அத்தை நேராகப் போய்க் கோயில் பக்கத்துப் பாறையில் ஏறினாள். எங்கள் மலையில் அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். நாங்கள் கீழே நின்று அவள் பேசுவதைக் கேட்டோம்.

"தம்பி எவரிஸ்தோ, நாவலென்சினா லெயாந்த்ரா பேசறேன். இல்ல, யாரும் சாகல. என் பன்றி ஒண்ணு பிஸ்கட் தின்னுடுச்சு... ஒரு தட்டு... பெர்ருனியா... ஆமா, ஒப்தூலியா சுட்டதுதான். இல்ல, மத்தது எதுவும் தின்னல. எப்படித் தெரியுமா? நான் பார்த்தேன். சரி. சரி. வாங்க."

இறங்கி வந்தவளை நிக்கானோர் மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்னான்?"

"திங்கக்கிழமை வர்றானாம். அவன் பார்க்கறவரைக்கும் முழு மந்தையும் சந்தேகம்தானாம்."

"ஏன்டீ நீயா போய்ச் சொன்னே? காடு போயிடுமேடீ."

"காடு போயிடக் கூடாதுன்னுதான்யா சொன்னேன். இருநூறு போன்ல இவன் படம் இருக்கு. ராத்திரிக்குள்ள எவரிஸ்தோ மாமியார் வரைக்கும் போயிடும். வேற யாராவது சொல்லி அவனுக்குத் தெரிஞ்சா, மத்ததை எல்லாம் நான் எந்த மாதா மேல சத்தியம் பண்ணி மீட்கறது?"

சைக்கிள்காரர்கள் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பல் டாக்டர் மட்டும் மணிக்குள் இருந்த பாசியை எடுக்காமலே ஊருக்குக் கொண்டுபோவதாக அத்தையிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் அவளைக் காணோம். நிழல்சரிவின் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கள்கிழமை எவரிஸ்தோ வந்தார். நாற்பது வயதிருக்கும், கொஞ்சம் தொப்பை. கார் மந்தைப் பாதையில் ஏறாது என்பதால் என் சைக்கிளை அவருக்குக் கொடுத்தோம்.

"பட்டாளத்துல ஓட்டினது. மறந்திருக்கும்" என்றார்.

"அது மறக்காது. தொப்பைக்குத்தான் ஞாபகம் இருக்காது" என்றாள் அத்தை.

நான் நிக்கானோரின் துருப்பிடித்த சைக்கிளில் பின்னால் போனேன். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து வந்த நாரைகள் கத்திக்கொண்டே தலைக்கு மேலே கடந்து, கொட்டை தேடிக் காட்டில் இறங்கின. முதல் மேட்டில் எவரிஸ்தோ முனகினார். இரண்டாவது மேட்டில் கோட்டைக் கழற்றினார். பள்ளத்தில் இறங்கும்போது சரளை இரண்டு பக்கமும் தெறிக்க, தன்னை மறந்து ஒரு சீட்டி அடித்தார். பிறகு தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து முகத்தைச் சரிசெய்துகொண்டார். அத்தை முன்னால் போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிழல்சரிவில் எவரிஸ்தோ ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டார். பன்றிகளைப் பார்த்தார். அதைவிட அதிகமாக அவற்றின் சாணத்தைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து உடைப்பார், கிளறுவார், எழுந்து அடுத்ததற்குப் போவார். சரிவின் கீழிருந்து மேல்வரை அப்படியே போனார். அத்தை சுவரோரம் நின்று ஏப்ரனின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள், சுருட்டினாள்.

மதியம் ஆகிவிட்டது. அவர் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைகளைப் புல்லில் துடைத்தார்.

"கொட்டைத் தோல்தான். வேற ஒண்ணுமே இல்லை. பிஸ்கட் தின்னவனைத் தனியா எழுதிக்கறேன். மத்தது எல்லாம் சுத்தம்."

அத்தை தலையாட்டினாள். மறுபடி தலையாட்டினாள். கடைசியில் அவள் சொன்னது, "பசிக்குமே தம்பி." பையைத் திறந்து ரொட்டியையும் ஆட்டுப் பாலாடைக்கட்டியையும் வெளியே எடுத்தாள்.

எவரிஸ்தோவின் கண்கள் அகலமாயின. பக்கத்தில் மூன்று பன்றிகள் மூக்கைத் தூக்கின.

"அம்மா! இங்கேயா பிரிக்கறீங்க?"

அத்தை ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரை ஏறிக் குதித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அந்தச் சுவரை அப்படி யாரும் தாண்டியதில்லை. எவரிஸ்தோ சிரித்த சிரிப்பில் நாரைகள் கிளம்பிப் பறந்தன. மூன்று பேரும் பாதை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

காது கிழிந்தவனை இனி காட்டில் விட முடியாது. வீட்டுக் கொட்டிலில் இருந்தான். ஒப்தூலியா உடைந்த பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்து போட்டாள். அவனைத் திட்டிக்கொண்டேதான் போட்டாள். டிசம்பரில் ஊரே கூடி அவனை அறுத்தது. சதுக்கத்தில் அண்டா வைத்து, பெண்கள் இறைச்சியைப் பிசைந்து, மிளகாய்த்தூள் போட்டு, குடலில் அடைத்து சொரீசோ கட்டினார்கள். கசியானோ திராட்சை மது ஊற்றினார். எவரிஸ்தோவும் வந்திருந்தார், குழந்தைகளோடு. நிக்கானோருக்கு எந்தக் கதவுப் பக்கமும் வேலை கொடுக்கவில்லை.

சுட்ட முதல் துண்டுகளை ஒப்தூலியாதான் தட்டில் கொண்டுவந்தாள். அத்தையின் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு, அவள் மெல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சோம்பு வாசனை வருது பாரு. எல்லாம் என் பெர்ருனியாவால."

அத்தை கண்ணை மூடி, நிதானமாக மென்று முடித்தாள்.

"வரலையே."

"நல்லா மெல்லுடீ!"

"மென்னேன்டீ. உன் பிஸ்கட்லயே சோம்பு வாசனை வராது. அதைத் தின்ன பன்றியில எப்படி வரும்?"

ஒப்தூலியா தட்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். தட்டில் இன்னும் நாலு துண்டு இருந்தது. அத்தை எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.